‘ஐ கட் மை ஹேர்’: வெட்டினது நீங்களா, சலூன்காரரா? ஹேவ், கெட், மேக், லெட் குழப்பத்துக்கு ஒரு ஈஸி விளக்கம்

“நேத்து முடி வெட்டினேன்.”
“பைக் சர்வீஸ் பண்ணேன்.”
“ஒரு பல்லைப் பிடுங்கிட்டேன்.”
“திண்டிவனத்துல வீடு கட்டிட்டு இருக்கேன்.”

இந்த நாலு வாக்கியத்தையும் தமிழில் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. வெட்டினது சலூன்காரர், சர்வீஸ் பண்ணது மெக்கானிக், பிடுங்கினது பல் டாக்டர், கட்டுறது கொத்தனார். சொன்னவர் காசு கொடுத்தார், அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது வாக்கியத்தை அப்படியே இங்கிலீஷுக்கு மாற்றிப் பாருங்கள். “ஐ புல்ட் அவுட் எ டூத்.” கேட்கிறவர் மனசில் வருவது, கண்ணாடி முன்னாடி கையில் கொறடோடு நிற்கும் நீங்கள்தான்!

சிரிப்புக்கு இது சரி. ஆனால் இதே பிரச்னை இன்டர்வியூவில் வந்தால் சிரிப்பு வராது. விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியிலோ, திண்டிவனத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலோ படித்துவிட்டு, முதல் வேலைக்காக சென்னைக்கு ரயில் ஏறும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலேஜ் சிம்போசியத்துக்கு அவர் ஒரு நண்பரை வைத்து வெப்சைட் ரெடி பண்ணியிருக்கிறார். தமிழில் “நான்தான் வெப்சைட் ரெடி பண்ணேன்” என்று சொன்னால் அது பொய் இல்லை. அதையே “ஐ டிசைன்டு த வெப்சைட்” என்று சொன்னால் அடுத்த கேள்வி, “என்ன ஃப்ரேம்வொர்க் யூஸ் பண்ணீங்க?” பதில் வராது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நினைப்பது, ‘இவர் அடுத்தவர் வேலையைத் தன் வேலைன்னு சொல்றார்’. பொய்யே சொல்லாத ஒருவர் பொய் சொன்னவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் ‘காஸேட்டிவ்’ என்று பெயர். பெயர்தான் புதுசு. விஷயம் நாம் ஸ்கூலில் தமிழ்ப் பாடத்திலேயே படித்ததுதான்.

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழ் வினைச்சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. வேலையைச் செய்தவருக்கும், செய்ய வைத்தவருக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தலாம். ‘கட்டினான்’ என்றால் கல்லை அடுக்கியவனும் கட்டினான், காசு கொடுத்தவனும் கட்டினான். யார் என்பது இடத்தைப் பொறுத்துப் புரியும்.

நம்ம இலக்கணத்தில் இதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். கையால் செய்பவர் ‘இயற்றுதல் கருத்தா’. செய்யச் சொல்லி ஏவுபவர் ‘ஏவுதல் கருத்தா’. ஏவுதல் கருத்தாவுக்கு வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் கரிகாலனும் கல்லணையும். கரிகாலன் மண் சுமக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அணை ‘கரிகாலனால் கட்டப்பட்டது’தான்.

இன்னொரு வசதி, ‘கொள்’ என்ற துணைவினை. பேச்சில் ‘கிட்டேன்’ என்று வரும். ‘வெட்டிக்கிட்டேன்’, ‘ஊசி போட்டுக்கிட்டேன்’, ‘கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்’. பலன் எனக்கு வந்தது என்பதை இது சொல்லிவிடும். யார் கை செய்தது என்பதைச் சொல்லாது.

இங்கிலீஷில் இந்த ‘கிட்டேன்’ இல்லை. வேறொருவர் கை செய்தது என்றால் அதை வாக்கியத்தின் அமைப்பிலேயே காட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம்.

மண்டகப்பட்டு கல்வெட்டு சொல்லும் பாடம்

‘செய்தேன்’ வேறு, ‘செய்வித்தேன்’ வேறு என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்த இடம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து எடுத்த கோயில்.

பாருங்கள், இப்போது நானும் ‘மகேந்திரவர்மன் எடுத்த கோயில்’ என்றுதான் எழுதினேன். ஆனால் அங்குள்ள சம்ஸ்கிருதக் கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலைச் ‘செய்வித்தான்’ என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. அங்கே இருக்கும் சொல் ‘நிர்மாபிதம்’. ‘நிர்மிதம்’ என்றால் செய்யப்பட்டது. ‘நிர்மாபிதம்’ என்றால் செய்விக்கப்பட்டது. நடுவில் ஒரு சின்ன ஒலி கூடியதில், உளி பிடித்தது வேறு ஆள் என்பது பதிவாகிவிட்டது.

இதே மாவட்டத்தில் தளவானூரில் இருப்பதும் மகேந்திரனின் குடைவரைதான். அங்குள்ள கல்வெட்டிலும் ‘காரிதம்’ என்ற சொல் வருகிறது. அதற்கும் ‘செய்விக்கப்பட்டது’ என்றே பொருள்.

தமிழ்க் கல்வெட்டும் சளைத்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை ‘ராஜராஜ சோழன் கட்டினான்’ என்று நாம் சொல்கிறோம். ராஜராஜனின் கல்வெட்டோ ‘நாம் எடுப்பிச்ச’ கோயில் என்கிறது. ‘எடுத்த’ இல்லை, ‘எடுப்பிச்ச’. அந்த ‘பிச்ச’வில்தான் ஆயிரக்கணக்கான கைகள் ஒளிந்திருக்கின்றன.

இன்னொரு தகவல். விழுப்புரம் மாவட்டத்தின் எண்ணாயிரத்தில், ராஜேந்திர சோழன் காலத்தில், 11-ம் நூற்றாண்டில் ஒரு பெரிய கல்லூரி இயங்கியது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அதில் 40 பேர் ‘ரூபாவதாரம்’ என்ற சம்ஸ்கிருத இலக்கண நூலைப் படித்தார்கள் என்று கல்வெட்டு கணக்கு சொல்கிறது. வேறொரு மொழியின் இலக்கணத்தை உட்கார்ந்து படிப்பது இந்த ஊர்ப்பக்கத்துக்குப் புதுசு இல்லை!

ஸ்கூலில் படித்தது ஞாபகம் இருக்கா?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு இது அத்துப்படி.

தன்வினை: பந்து உருண்டது.
பிறவினை: பந்தை உருட்டினான்.
காரணவினை: பந்தை உருட்ட வைத்தான்.

‘வி’, ‘பி’ சேர்த்தும் செய்யலாம். செய் - செய்வி, கல் - கற்பி, அறி - அறிவி. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘வி’, ‘பி’ இரண்டையும் சேர்த்தால் ‘செய்விப்பி’. அதாவது, ஒருவரிடம் சொல்லி அவர் மூலமாக இன்னொருவரைச் செய்ய வைப்பது. மேனேஜர், டீம் லீட், வெண்டர் என்று போகும் இன்றைய ஆபீஸ் சங்கிலிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அந்த நன்னூலே ஒரு ‘செய்வித்தல்’தான். சீயகங்கன் என்ற குறுநில மன்னன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி முனிவர் அதை இயற்றினார் என்று அதன் பாயிரம் சொல்கிறது. இங்கிலீஷில் சொன்னால், “சீயகங்கன் ஹேட் நன்னூல் ரிட்டன்.”

நாலு வினை, நாலு வேலை

தமிழில் ‘வி’, ‘பி’, ‘வை’, ‘விடு’, ‘சொல்’ செய்யும் வேலையை இங்கிலீஷில் நாலு சின்ன வினைகள் பிரித்துக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று அழுத்தம்தான் வித்தியாசம்.

1. மேக் - ‘வை’
விருப்பம் இருக்கோ இல்லையோ, செய்ய வைப்பது. “என்னைக் காக்க வச்சாங்க” - “தே மேட் மீ வெயிட்.” கட்டாயம் மட்டும் இல்லை, விளைவுக்கும் இதுதான். “என்னைச் சிரிக்க வச்சான்” - “ஹி மேட் மீ லாஃப்.” நம்ம ‘வை’யும் இரண்டுக்கும் வருகிறது, கவனித்தீர்களா?

2. லெட் - ‘விடு’
அனுமதிப்பது, தடுக்காமல் இருப்பது. “உள்ளே போக விட்டாங்க” - “தே லெட் மீ கோ இன்.”

3. ஹேவ் - ‘சொல்’
அது அவருடைய வேலை. சொன்னால் செய்வார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. “எங்க இன்ஜினியரை உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன்” - “ஐ வில் ஹேவ் அவர் இன்ஜினியர் கால் யூ.”

4. கெட் - ‘பேசி, சமாளிச்சு, செய்ய வை’
இதில் கொஞ்சம் உழைப்பு இருக்கிறது. “எப்படியோ அப்பாவைக் கையெழுத்துப் போட வச்சேன்” - “ஐ காட் மை ஃபாதர் டு சைன்.” தமிழில் இதற்கும் ‘வை’தான் வருகிறது. அதனால்தான் மேக், கெட் இரண்டும் நமக்குக் குழம்புகிறது. அப்பாவை மிரட்டினீர்களா, தாஜா பண்ணினீர்களா என்று ஒரு நொடி யோசித்தால் போதும், எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

‘டு’ எங்கே போடணும்?

இந்த நாலில் ‘கெட்’ மட்டும்தான் ‘டு’ கேட்கும். ‘காட் ஹிம் டு சைன்’. மற்ற மூன்றுக்கும் வெறும் வினை. ‘மேட் ஹிம் சைன்’, ‘ஹேட் ஹிம் சைன்’, ‘லெட் ஹிம் சைன்’.

நம்மில் பலர் “ஷி மேட் மீ டு வெயிட்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘காத்திருக்க’ என்று ‘க’ வருகிறது. அந்த ‘க’வுக்கு ‘டு’ என்று ஸ்கூலிலேயே மனசில் பதிந்துவிட்டது. ஆனால் ஒன்று: செயப்பாட்டு வினையாக மாற்றினால் ‘மேக்’கோடும் ‘டு’ வந்து ஒட்டிக்கொள்ளும். “ஐ வாஸ் மேட் டு வெயிட்.” இது சரி.

பொருள் முதலில், வினை கடைசியில்

ஆரம்பத்தில் பார்த்த முடி, பைக், பல் விஷயத்துக்கு வருவோம். இங்கே செய்தவர் யார் என்பது முக்கியமே இல்லை. வேலை முடிந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு ஃபார்முலா இதுதான்:

ஹேவ் அல்லது கெட் + பொருள் + வினையின் மூன்றாவது வடிவம்

“ஐ ஹேட் மை ஹேர் கட்.”
“ஐ காட் மை பைக் சர்வீஸ்டு.”
“ஐ ஹேட் எ டூத் புல்ட் அவுட்.”

(இங்கே ‘ஹேட்’ என்பது ‘ஹேவ்’ என்பதன் இறந்தகாலம். வெறுப்பு என்று பொருள்படும் ‘ஹேட்’ இல்லை!) இந்த அமைப்பில் ஹேவ், கெட் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘கெட்’ கொஞ்சம் பேச்சு வழக்கு.

வார்த்தை வரிசையில் கவனம் தேவை. “ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்டு” என்றால் மெக்கானிக் பண்ணினார். “ஐ ஹேட் ரிப்பேர்டு மை பைக்” என்றால் நீங்களே ஸ்பேனர் பிடித்தீர்கள். அதே வார்த்தைகள்தான். ‘பைக்’ இடம் மாறியதும் ஆள் மாறிவிட்டார்.

இதே அமைப்பு, நாம் கேட்காமலே நமக்கு நடக்கும் கெட்டதுக்கும் வரும். “ஐ ஹேட் மை செயின் ஸ்னாட்ச்டு.” ஆள் வைத்து செயினைப் பறிக்கச் சொன்னார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விசித்திரமாக இருக்கிறதா? நம்ம ‘பறிகொடுத்தேன்’ மட்டும் என்னவாம்? ‘புதுச்சேரி பஸ்ஸில் செயினைப் பறிகொடுத்தேன்’ என்கிறோம். அவராக விரும்பியா கொடுத்தார்?

ஆபீஸ் மெயிலில் இது ஏன் முக்கியம்?

ஒரு வினையை மாற்றினால் மெயிலின் குணமே மாறிவிடும். மேனேஜரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

“ஐ வில் மேக் மை மேனேஜர் சைன் இட்” - மேனேஜரை நாற்காலியில் கட்டிப் போட்டுக் கையெழுத்து வாங்கப் போகிற தொனி.

“ஐ வில் ஹேவ் மை மேனேஜர் சைன் இட்” - மேனேஜர் உங்களுக்குக் கீழே வேலை செய்கிற மாதிரி லேசாகத் தொனிக்கும். ‘ஹேவ்’ பெரும்பாலும் நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அல்லது அந்த வேலைக்கென்றே இருப்பவர்களுக்கு.

“ஐ வில் கெட் மை மேனேஜர் டு சைன் இட்” - பேசி வாங்கித் தருகிறேன். உள்ளுக்குள் பேசிக்கொள்ள இது சரி.

“ஐ வில் ஆஸ்க் மை மேனேஜர் டு சைன் இட்” - மேனேஜரையும் சிசியில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இதுதான் பாதுகாப்பு. தமிழில் ‘சார்கிட்ட கேட்டு வாங்கித் தரேன்’ என்போமே, அது.

பொறுப்பு விஷயத்திலும் இதே கதைதான். “ஐ வில் டூ இட்” என்றால் நானே செய்கிறேன். “ஐ வில் கெட் இட் டன்” என்றால் யார் செய்தாலும் சரி, முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. “இட் வில் பி டன்” என்றால்? நடக்கும், ஆனால் யார் பொறுப்பு என்று தெரியாது. கிளையன்ட்டுக்கு மூன்றாவதை அனுப்பினால், ‘பை ஹூம்?’ என்று பதில் வரத்தான் செய்யும்.

ரெஸ்யூமேயில் இது இன்னும் முக்கியம். சிம்போசியம் வெப்சைட்டை ஆள் வைத்துச் செய்தவர், “ஐ காட் த வெப்சைட் டிசைன்டு பை எ ஃப்ரெண்ட் அண்ட் மேனேஜ்டு த கன்டென்ட்” என்று சொல்லலாம். இதில் குறைவு ஒன்றும் இல்லை. ஒருவரைப் பிடித்து, வேலை வாங்கி, நேரத்துக்கு முடித்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் ஒரு திறமைதான், அதற்கென்றே வேலைகளும் இருக்கின்றன. அதோடு, உண்மையில் கோடிங் பண்ணின நண்பரின் உழைப்பும் காணாமல் போகவில்லை.

அப்போ ‘ஐ ஆம் பில்டிங் எ ஹவுஸ்’ தப்பா?

இல்லை. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இப்படிச் சொல்வது உண்டு. ‘ஷாஜஹான் பில்ட் த தாஜ்மஹால்’ என்று புத்தகங்களிலேயே எழுதுகிறார்கள். யாரும் ஷாஜஹான் சாரத்தில் ஏறினார் என்று நினைப்பதில்லை. ‘ஐ கட் மை ஹேர்’ என்றுகூடப் பேச்சில் சிலர் சொல்வார்கள்.

அதனால் இதை வைத்து யாரையும் கிண்டல் செய்யத் தேவையில்லை. சின்ன விதி ஒன்று போதும். நீங்களே செய்திருக்க வாய்ப்பு இருக்கிறதா? செய்யவில்லை என்றால், தப்பாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறதா? இருந்தால் ஹேவ் அல்லது கெட் போடுங்கள். வீடு கட்டுவதில் அந்தக் குழப்பம் வராது. வெப்சைட், டிசைன், ரிப்போர்ட், கோட் எல்லாவற்றிலும் வரும்.

பஸ்ஸில் போகும்போதே பிராக்டிஸ்

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் போய் இறங்குவதற்குள் இந்த ஆறையும் முடித்துவிடலாம். முதலில் பதிலைப் பார்க்காமல் முயற்சி செய்யுங்கள்.

1. போன வாரம் கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்.
2. ஆதார்ல அட்ரஸ் மாத்தணும்.
3. கண்டக்டர்கிட்ட கெஞ்சி, கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை நிறுத்த வச்சேன்.
4. தம்பியை விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்.
5. சூப்பர்வைசர் அரை மணி நேரம் வெளியே நிக்க வச்சார்.
6. பஸ் ஸ்டாண்டுல போனைப் பறிகொடுத்தேன்.

பதில்கள்:

1. ஐ ஹேட் மை ஐஸ் டெஸ்டட் லாஸ்ட் வீக்.
2. ஐ நீட் டு கெட் மை அட்ரஸ் சேஞ்ச்டு இன் ஆதார்.
3. ஐ காட் த கண்டக்டர் டு ஸ்டாப் த பஸ் அட் கூட்டேரிப்பட்டு. (கெஞ்சினதால் ‘கெட்’. ‘டு’ மறக்காதீர்கள்.)
4. ஐ வில் ஹேவ் மை பிரதர் பிக் யூ அப் அட் விழுப்புரம் ஜங்ஷன். (தம்பிதானே, சொன்னால் போவான். அதனால் ‘ஹேவ்’. போக மாட்டான் என்றால் ‘கெட்’!)
5. த சூப்பர்வைசர் மேட் மீ ஸ்டேண்ட் அவுட்சைட் ஃபார் ஹாஃப் அன் அவர்.
6. ஐ ஹேட் மை போன் ஸ்டோலன் அட் த பஸ் ஸ்டாண்ட்.

நாலுக்கு மேல் சரி என்றால் உங்களுக்கு இது வந்துவிட்டது. இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து, ‘டிசைன்டு’, ‘டெவலப்டு’, ‘கிரியேட்டட்’ என்று வரும் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, ‘இதை நான் செய்தேனா, செய்வித்தேனா?’ என்று கேளுங்கள். செய்வித்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.